ஒரே வாசல், மூன்று அடுப்பு: பைத்தான் செயலிகளை ஒரு போர்ட்டில் ஓட்டுவது

திருப்பூரில் நான் கணினி பார்த்துக்கொள்ளும் பனியன் கம்பெனியில் மூன்று பைத்தான் செயலிகள் ஓடுகின்றன. பீஸ் ரேட் கூலிக் கணக்கும் செக்கிங் பதிவும் பிளாஸ்க். நூல் இருப்பு ஜாங்கோ. இந்த பிளாஸ்க்கும் ஜாங்கோவும் பைத்தானில் வலைச் செயலி எழுத உதவும் சட்டகங்கள். வெளியே திறந்திருப்பது 443 என்ற ஒரே போர்ட், அதாவது சர்வருக்குள் நுழையும் எண்ணிட்ட வாசல். லைன் வீட்டுக்கு வாசல் ஒன்றுதான். உள்ளே எல்லாருக்கும் ஒரே அடுப்பா, வீட்டுக்கு ஒன்றா? அதாவது செயலிகள் எல்லாம் ஒரே புராசஸாக ஓடுவதா, தனித்தனியாகவா?

ஒரே அடுப்பு என்றால் பிளாஸ்க்குக்கு அடியில் இருக்கும் வெர்க்சைக் நூலகத்தின் டிஸ்பாட்சர் மிடில்வேர், முகவரியைப் பார்த்துக் கோரிக்கையைப் பிரித்து அனுப்பும் துண்டு. நாலைந்து வரி எழுதினால் போதும். '/கூலி' என்று வருவது ஒரு செயலிக்கும் '/செக்கிங்' என்று வருவது இன்னொன்றுக்கும் போகும். நினைவகம் மிச்சம். ஆனால் நூலகங்களுக்கு ஒரே பதிப்புதான், ஒன்றைத் திருத்தினால் எல்லாவற்றையும் நிறுத்தித் தொடங்க வேண்டும். ஜாங்கோவின் அமைப்புகள் புராசஸ் முழுமைக்கும் பொது என்பதால் இரண்டு ஜாங்கோக்களை இப்படிக் குடிவைக்க முடியாது. பாஸ்ட்ஏபிஐ போன்ற ஏஎஸ்ஜிஐ செயலிகளையும் இது நேரடியாக ஏற்காது. சர்வரும் பைத்தான் செயலியும் பேசிக்கொள்ளும் பழைய முறையான டபிள்யூஎஸ்ஜிஐக்கு எழுதியது இது, ஏஎஸ்ஜிஐ வேறு முறை.

தனி அடுப்பு என்றால் ஒவ்வொரு செயலிக்கும் அதை ஓட்டும் தனி குனிகார்ன் சர்வர், நூலகங்களை வைக்கத் தனி வெர்ச்சுவல் என்விரான்மென்ட். 8001, 8002, 8003 போர்ட்களில் உள்ளுக்குள் நிற்கும், முன்னால் கோரிக்கைகளை வாங்கிப் பிரித்தனுப்பும் என்ஜின்எக்ஸ் வலைச் சர்வர். நினைவகம் கூடுதலாகத் தின்னும். இருந்தாலும் நான் இதைத்தான் எடுத்தேன். சனிக்கிழமை சம்பளம் போடும் நேரத்தில் நூல் இருப்பைத் திருத்திவிட்டு அதை மட்டும் மறுதொடக்கம் செய்ய முடிகிறதே, அது போதும்.

அப்பாச்சி வலைச் சர்வர் ஏற்கெனவே இருக்கும் இடத்தில், செயலியைத் தனிப் புராசஸில் ஓட்டும் மோட் டபிள்யூஎஸ்ஜிஐயின் டீமன் முறையே போதும். குனிகார்ன் போன்ற இன்னொரு சர்வரான யூடபிள்யூஎஸ்ஜிஐ இப்போது பராமரிப்பு நிலையில் மட்டுமே இருக்கிறது. புதிதாகத் தொடங்குபவருக்குச் சொல்ல மாட்டேன்.

டிஸ்பாட்சர் ஒரு விஷயத்தில் என்ஜின்எக்ஸைவிடச் சமர்த்து. '/கூலி' போன்ற முன்னொட்டை, செயலி எந்தப் பாதைக்குக் கீழ் இருக்கிறது என்று சொல்லும் ஸ்கிரிப்ட் நேம் மாறியில் அதுவே வைத்துவிடும், இணைப்புகள் சரியாக உருவாகும். என்ஜின்எக்ஸில் கோரிக்கையை எங்கே அனுப்புவது என்று சொல்லும் பிராக்ஸி பாஸ் முகவரியின் கடைசியில் ஒரு சாய்கோடு போட்டால் முன்னொட்டு வெட்டப்படும். தான் '/கூலி'க்குக் கீழ் இருப்பது செயலிக்குத் தெரியாது, இணைப்பெல்லாம் வெறும் '/'க்கு ஓடி 404 காட்டும். வெட்டிய முன்னொட்டைச் சொல்லும் எக்ஸ் பார்வர்டட் பிரிபிக்ஸ் தலைப்பை என்ஜின்எக்ஸிலிருந்து அனுப்பி, பிளாஸ்க் பக்கம் வெர்க்சைக்கின் பிராக்ஸி பிக்ஸில் அதை ஏற்கச் சொல்ல வேண்டும்.

எந்த வழியில் போனாலும் விடாத தொல்லை குக்கீ, யார் நுழைந்திருக்கிறார் என்று பிரவுசர் வைத்துக்கொள்ளும் சின்னக் குறிப்பு. எங்கள் கணக்கர் அண்ணன் செக்கிங் பக்கத்தில் நுழைந்துவிட்டுத் திரும்பினால் கூலிப் பக்கம் அவரை வெளியே தள்ளிவிடும். இரண்டு வாரம் நெட்வொர்க்கைத் திட்டினோம். கடைசியில் பிரவுசரின் குக்கீப் பட்டியலைத் திறந்தால் 'செஷன்' என்ற பெயரில் ஒன்றே ஒன்று, பாதை '/'. இரண்டு பிளாஸ்க்கும் அதே பெயரில் மாறி மாறி எழுதியிருக்கின்றன. குக்கீயில் கையெழுத்துப் போடும் ரகசியச் சாவி இரண்டிலும் வேறு என்பதால் ஒன்றின் கையெழுத்தை மற்றொன்று ஏற்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் தனிக் குக்கீப் பெயர் வைத்தேன், தீர்ந்தது. அதற்குள் வாங்கிவிட்ட புது நெட்வொர்க் ஸ்விட்ச் அலமாரியில் பெட்டி பிரிக்காமல் கிடக்கிறது.