முதல் பந்தி ஒன்பதே காலுக்கு முடியும்

மே மாதம் திருச்சியிலிருந்து அப்பா அம்மா பாரிஸுக்கு வருகிறார்கள், கல்யாண நாளுக்கு அசல் பிரெஞ்சுச் சாப்பாடு வாங்கித் தர வேண்டும், உங்கள் தெருவில் இருக்கும் பிஸ்ட்ரோ, அதாவது அந்தச் சின்ன பிரெஞ்சு உணவகம், சரிப்படுமா என்று ஒரு தோழி கேட்டாள். சில வருடங்களுக்கு முன்பு கேட்டிருந்தால் 'கண்ணை மூடிக்கொண்டு போ' என்று ஒரே வரியில் முடித்திருப்பேன். இப்போது அப்படிச் சொல்ல மனசு வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைத்தான் எழுதுகிறேன். கடையின் பெயர் வேண்டாம். 11ஆம் வட்டாரத்தில் இருக்கிறது, அது போதும். நான் சொல்லப்போகும் சங்கதி அந்த ஒரு கடையோடு முடிவதும் இல்லை.

இங்கே இருப்பவர்களுக்கு பிஸ்ட்ரோவை விவரிக்கத் தேவையில்லை. துத்தநாகத் தகடு போட்ட கவுண்டர், சுவரோரம் நீளமாக ஓடும் சிவப்பு ரெக்ஸின் இருக்கை, சாக்பீஸில் எழுதிய மெனுப் பலகை. முப்பது பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும். சுவர்ப் பக்கம் உட்கார வேண்டுமென்றால் வெயிட்டர் மேசையை வெளியே இழுத்து வழிவிட்டு, நாம் நுழைந்த பிறகு திரும்பத் தள்ளிவிடுவார். ஞாயிறு, திங்கள் விடுமுறை. ஆகஸ்டில் பாதி மாதத்துக்கு மேல் பூட்டுதான். வார நாள் மதியம் இரண்டு பதார்த்தம் 19 யூரோ, மூன்று என்றால் 23. இந்த ஊருக்கு, இந்தத் தரத்துக்கு, இது நியாயமான விலை.

சாப்பாட்டைப் பற்றி எனக்கு ஒரு குறையும் கிடையாது. சொல்லப்போனால் போன இரண்டு வருடங்களில் இன்னும் மெருகேறியிருக்கிறது. பலகையில் முதல் வரியில் எப்போதும் இருக்கும் உஃப் மயோவையே எடுத்துக்கொள்வோம். அவித்த முட்டையும் மயோனீஸும், அவ்வளவுதான். இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தால் இங்கே வந்து பார்க்க வேண்டும். மூன்று பாதி முட்டைகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். மஞ்சள் கரு உதிராது, சுற்றிலும் அந்தப் பச்சை வளையம் இருக்காது, நடுவில் மட்டும் லேசாக ஈரம் மினுங்கும். மேலே ஊற்றிய மயோனீஸில் திழோன் கடுகின் காரம் மூக்கில் ஏறும். முட்டையின் சரிவில் மெதுவாக இறங்கி, தட்டைத் தொடுவதற்குள் நின்றுவிடுகிற பதம். முட்டை தீர்ந்த பிறகு பகெத் என்கிற நீள ரொட்டித் துண்டால் தட்டைத் துடைத்துச் சாப்பிடுவது இங்கே யாருக்கும் கூச்சம் தருவதில்லை. பிரான்ஸில் இந்த ஒரு பதார்த்தத்தைக் காப்பாற்றவென்றே ஒரு சங்கம் இருக்கிறது, போட்டி வைத்துச் சிறந்த கடைக்குப் பட்டமும் கொடுக்கிறது. முட்டை அவிப்பதில் ஒரு சமையலறையின் ஒழுக்கம் தெரிந்துவிடும் என்பது அவர்களுடைய நியாயம். நானும் அதை ஏற்கிறேன்.

வியாழக்கிழமை பிளான்கெத். கன்றின் இறைச்சியைச் சிவக்க விடாமல் கேரட், வெங்காயத்தோடு மெல்லிய தீயில் வேகவைத்து, அந்தச் சாற்றையே வெண்ணெயும் மாவும் கலந்து கெட்டியாக்கி, இறக்கும்போது கிரீமும் மஞ்சள் கருவும் சேர்ப்பார்கள். சேர்த்த பிறகு கொதித்தால் திரிந்துவிடும். இவர்கள் கையில் ஒருநாளும் திரிந்து நான் பார்த்ததில்லை. பக்கத்தில் சோறு. மிளகாய் இல்லை, மசாலா இல்லை, ஆனாலும் பிசைந்து சாப்பிடக் கை பரபரக்கும். உறைந்த உணவை வாங்கிச் சூடுபண்ணித் தருகிற கடைகள் பெருகியதால், இங்கேயே சமைத்ததற்கு அடையாளமாக 2014-ல் அரசு ஒரு சின்னம் கொண்டுவந்தது, சட்டியின் மேல் வீட்டுக் கூரை வரைந்தது. இந்தக் கடையின் பலகையில் அது எல்லா வரிக்கும் பொருந்தும்.

சரி, குறைக்கு வருகிறேன். இரவில் இப்போது இரண்டு பந்தி. முதலாவது 19:15, அடுத்தது 21:30. முதல் பந்தியில் உட்கார்ந்தவர்கள் 21:15-க்கு மேசையை விட வேண்டும். முன்பதிவு செய்யும்போதே எழுதியிருக்கிறது, உட்காரும்போது வெயிட்டர் இன்னொரு தரம் சொல்கிறார். கொரோனாவுக்கு முன்பு இப்படி ஒன்று அங்கே கிடையாது. 2021 ஜூன் 9 அன்று உணவகங்களுக்குள் உட்கார மறுபடியும் அனுமதி வந்தபோது, அந்த வாரமே நாங்கள் போய், பதினொரு மணி ஊரடங்குக்கு ஓட வேண்டிய நேரம் வரைக்கும் பேசிக்கொண்டிருந்தோம். ஒரு வருடம் கழித்து இந்த இரண்டு பந்தி முறை வந்தது, வந்தது வந்ததுதான்.

இரண்டு மணி நேரம் போதாதா என்று கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் உள்ளே வருகிறார்கள், எல்லோரும் ஏழரைக்கு ஆர்டர் கொடுக்கிறார்கள். உள்ளே இருப்பது மூன்று பேர் நிற்கிற சமையலறை. முதல் தட்டு எட்டு மணிக்கு வரும். முக்கியத் தட்டு எட்டே முக்காலுக்கு. ஆக, எனக்குத் தந்த இரண்டு மணி நேரத்தில் பாதிக்கு மேல் நான் காத்திருந்தது. அதையும் என் கணக்கில் எழுதிவிட்டு, நான் சாப்பிடத் தொடங்கிய பிறகு கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். முன்பெல்லாம் ஆட்கள் ஒவ்வொருவராக வருவார்கள், அடுப்பும் மூச்சு விட்டுக்கொண்டு வேலை செய்யும்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நானும் கணவரும் போயிருந்தோம். ஈல் ஃப்ளோதாந்த் கேட்டோம். பாலும் மஞ்சள் கருவும் காய்ச்சிய குளிர்ந்த சாறில் வெள்ளைக் கருவின் நுரை மிதக்கும், மேலே கேரமல் இழைகள். மெதுவாகக் கரண்டி போட்டு உடைத்துச் சாப்பிட வேண்டிய இனிப்பு. அது வந்தது, பின்னாலேயே காபி வந்தது, காபித் தட்டின் அடியில் பில், பில்லுக்குப் பக்கத்தில் கார்டு மெஷின். எல்லாம் ஒரே நடையில். வாசலுக்கு உள்ளே ஈரக் குடையோடு நாலு பேர் நின்று எங்கள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நம் ஊர்க் கல்யாணத்தில் பாயசத்துக்கு நாம் வரும்போதே அடுத்த பந்திக்காரர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்பாரே, அதே நிலைமை. அங்கே அது சரி, ஆயிரம் பேருக்கு இலை போட வேண்டும். இங்கே ஒரு ஆளுக்கு 45 யூரோ கொடுத்துவிட்டு எதற்கு விழுங்க வேண்டும்?

இந்த ஊரில் பில் கேட்டால்தான் வரும். கேட்காமல் கொண்டுவந்து வைப்பது மரியாதையில்லை என்பது இங்கே எழுதாத சட்டம். எழுதிய சட்டங்களும் அதே குணத்தில்தான் இருக்கின்றன. ரொட்டியும் குழாய்த் தண்ணீரும் சாப்பாட்டு விலையிலேயே அடக்கம். தண்ணீர் இலவசம் என்பதை மெனுவிலோ அறிவிப்புப் பலகையிலோ காட்ட வேண்டும் என்று 2022 முதல் கட்டாயம். சேவைக் கட்டணமும் விலைக்குள்ளேயே இருப்பதால் டிப்ஸுக்காக யாரும் நம்மை விரட்ட வேண்டியதில்லை. மேசையில் உட்கார்ந்துவிட்டால் அந்த இரவு அந்த மேசை நம்முடையது, இதற்குத்தான் இங்கே காசு கொடுக்கிறோம். முட்டையும் மயோனீஸும் என் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். 2024-ல் பிரெஞ்சு அரசு தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் பிஸ்ட்ரோ, கஃபேக்களைச் சேர்த்தது. சேர்த்ததற்குக் காரணம் அங்கே மனிதர்கள் கூடி உட்கார்ந்திருப்பது.

கடைக்கார அம்மாவிடம் ஒருநாள் மதியம் நேராகவே கேட்டேன். கோபப்படாமல் பதில் சொன்னார். கடை மூடிக் கிடந்த மாதங்களில் அரசு ஜாமீனில் வாங்கிய கடனைக் கட்டிக்கொண்டிருக்கிறார். 2022 ஏப்ரலில் இந்தத் தொழிலின் சம்பள அட்டவணை உயர்ந்தது. உயர வேண்டியதுதான், ஆளே கிடைக்காமல் இருந்த நேரம். வெண்ணெய், கேஸ், வாடகை எல்லாம் ஏறியிருக்கிறது. முப்பது நாற்காலியை ஒரு இரவில் ஒரு தரம் மட்டும் நிரப்பினால் மாதக் கடைசியில் ஒன்றும் மிஞ்சாது என்றார். 1960 வாக்கில் நாடு முழுக்க இரண்டு லட்சம் கஃபே, பிஸ்ட்ரோக்கள் இருந்ததாகச் சொல்வார்கள், இப்போது நாற்பதாயிரம் அளவுக்கு இறங்கிவிட்டது. என் தெருவிலேயே இரண்டு மூடியாயிற்று. இவரும் மூடிவிட்டால் நான் எங்கே போவேன்?

அதோடு, உள்ளே சமைப்பவர் யாழ்ப்பாணத்துக்காரர். பாரிஸ் உணவகங்களின் பின்கதவைத் தட்டினால் தமிழ்க் குரல் கேட்பது புதிதில்லை. எண்பதுகளிலிருந்து வந்திறங்கிய எத்தனையோ பேர் கோப்பை கழுவத் தொடங்கி, காய் வெட்டி, அடுப்புக்கு வந்தவர்கள். இவரும் அப்படித்தான். அந்தப் பிளான்கெத் இவர் கைப்பதம். மதியம் இரண்டரைக்குப் பக்கச் சந்தில் நின்று சிகரெட் பிடிப்பார், பார்த்தால் இரண்டு வார்த்தை பேசுவோம். இந்த இரண்டு பந்தியைப் பற்றி நான் பொருமியபோது சிரித்துவிட்டு, "தங்கச்சி, ரெண்டு செர்வீஸ் எண்டபடியாத்தான் கோப்பை கழுவ இன்னொரு பெடியனை எடுத்தவை. இல்லாட்டி அதையும் நான்தான் பாக்கவேணும். என்ர கால் இனித் தாங்காது" என்றார். அதற்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்? அந்தப் பையன் இப்போது வேலை ஒப்பந்தத்தோடு இருக்கிறான், மாதச் சம்பளச் சீட்டு வருகிறது. குடியிருப்பு அனுமதிப் பேப்பருக்கு அலைகிற ஒருவனுக்கு இந்த ஊரில் சம்பளச் சீட்டு என்றால் என்னவென்று எனக்குத் தெரியும்.

அதனால் வெள்ளி, சனி இரவுகளை நான் விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் செவ்வாய்க்கிழமை? செவ்வாயன்று இரண்டாம் பந்திக்கு நாலு மேசைதான் நிறைகிறது. கண்ணெதிரே காலியாகக் கிடக்கும் மேசைகளை வைத்துக்கொண்டு, விதி விதிதான் என்று ஒன்பதே காலுக்கு எழுப்புகிறார்கள். என்னால் மன்னிக்க முடியாதது அதுதான். கடனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒரு பழக்கம் ஏற்பட்டுவிட்டது, யாரும் யோசிப்பதில்லை. வெயிட்டர்களில் பழையவர் இருந்தால் கண்டும் காணாமல் விட்டுவிடுவார். புதியவர் என்றால் போன் திரையைக் காட்டுவார். அந்தச் செவ்வாய்க்கிழமைகளில் மட்டுமாவது விட்டுவிடச் சொல்லிக் கடைக்கார அம்மாவிடம் இன்னொரு தரம் பேசத்தான் போகிறேன்.

இனித் தோழிக்கு. கல்யாண நாள் இரவுக்கு இந்தக் கடை வேண்டாம். இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்கிறேனே என்று கேட்காதே, அம்மாவுக்கு மெதுவாகச் சாப்பிட்டுத்தான் பழக்கம் என்று நீதானே சொல்வாய். எதிரில் குடையோடு நான்கு பேர் நிற்கும்போது அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு 'போலாம்மா' என்றுதான் சொல்வார். அதற்கா அவ்வளவு தூரத்திலிருந்து கூட்டிவருகிறாய்?

சனிக்கிழமை மதியம் போ. அன்று மலிவு விலைச் செட் கிடையாது, பலகையில் உள்ள விலைதான். ஆனால் மதியத்தில் பந்திக் கணக்கு இல்லை. ஒன்றரைக்குள் ஆர்டர் கொடுத்துவிட்டால் போதும், அடுப்பு அணைந்த பிறகும் மூன்று, மூன்றரை வரை யாரும் எழுப்ப மாட்டார்கள்.

அப்பா மாட்டிறைச்சி சாப்பிட மாட்டார் என்றாய். பிளான்கெத் கன்றிறைச்சி, அதனால் அதை விட்டுவிடு. வாத்துக் கால் கொன்ஃபி சொல். உப்பில் ஊறவைத்து, அதன் கொழுப்பிலேயே மணிக்கணக்கில் வெந்தது. தோல் மொறுமொறுவென்று இருக்கும், சதை முள்கரண்டி பட்டாலே எலும்பை விட்டுக் கழன்றுவிடும். அம்மா முட்டை மட்டும் சேர்த்துக்கொள்ளும் சைவம் என்றால் உஃப் மயோவும், வினிகிரெத் (வினிகரும் எண்ணெயும் கலந்தது) ஊற்றிய, வெங்காயத் தாள் மாதிரியான லீக் தண்டும் தாராளமாகச் சாப்பிடலாம். வெங்காய சூப்பைப் பார்த்தால் சைவம் மாதிரித்தான் தெரியும், ஆனால் பெரும்பாலும் மாட்டெலும்புச் சாறில் செய்தது, வேண்டாம். ஆட்டுப்பால் சீஸ் சாலட்டில் பன்றி இறைச்சித் துண்டு போடாமல் தரச் சொல்ல வேண்டும். அப்பா தட்டில் வரும் உருளைக்கிழங்கை அம்மா எடுக்கக்கூடாது, அது வாத்துக் கொழுப்பில் வறுத்தது. அம்மாவுக்குக் கிராத்தான் தொஃபினுவா கேள். கிரீமில் அடுக்கி வேகவைத்த உருளைக்கிழங்கு, பூண்டு வாசனையோடு. பலகையில் அது தொட்டுக்கொள்ளத்தான் இருக்கும், முன்கூட்டிச் சொன்னால் முழுத் தட்டாகவே பச்சை இலைகளோடு தருவார்கள்.

அதனால் இணையத்தில் முன்பதிவு செய்யாதே, போன் பண்ணு. பதினொரு மணிக்குப் பண்ணினால் கடைக்கார அம்மாவே எடுப்பார். போன்ஜூர் சொல்லிவிட்டு, பெரியவர்கள் வருகிறார்கள், ஒருவர் சைவம், சன்னலோர மேசை வேண்டும் என்று கேள். சுவர்ப் பக்கம் கொடுத்தால் ஏற்காதே, அப்பா ஒவ்வொரு தரம் எழுந்திருக்கும்போதும் மேசையை இழுக்க வேண்டியிருக்கும்.