பேங்க் வேல்யூவேஷன் ஆபீசுக்கு சப்-கான்ட்ராக்ட்ல சைட் விசிட் போன ஒன்றரை வருஷம்: என் ரிவ்யூ (5க்கு 2)

பேர் போடல, கேக்காதீங்க. கோவைல இருக்கற ஒரு வேல்யூவேஷன் ஆபீஸ், நாலஞ்சு பேங்க் மதிப்பு போட ஒத்துக்கிட்ட ஆளுங்க லிஸ்ட்ல (பேனல்) இருக்காங்க, ஹோம் லோனுக்கும் அடமான லோனுக்கும் இடம், வீடு பாத்து மதிப்பு போட்டுக் குடுக்கறது வேலை. நான் பிஇ சிவில். அங்க ஸ்டாஃப் கிடையாது, விசிட்டுக்கு இவ்வளவுன்னு பேசிக்கிட்டு போற ஆள். நம்ம ஊர்ல இப்படி வண்டியில சுத்தற பசங்க நெறைய பேர் இருக்கோம், புதுசா சேரலாமான்னு கேக்கறவங்களுக்காகத்தான் இத எழுதறேன்.

மொதல்ல நல்லது. காசு கரெக்டா வரும். ஒரு விசிட்டுக்கு 600 ரூபா, பெட்ரோல் நம்மளது, மாசம் 10ஆம் தேதி அக்கவுன்ட்ல ஏறிடும், டிடிஎஸ்னு புடிச்ச வரியும் இன்கம்டாக்ஸ் கணக்குல சரியாக் காட்டுது. இதுக்கு முன்னாடி நான் போன ஒரு எடத்துல மூணு மாச பாக்கிக்கு போன் பண்ணி பண்ணி விரல் தேஞ்சுது, அதனால இது எனக்குப் பெருசு. ஆனா பார்ட்டி கடைசி நேரத்துல ஃபைல கேன்சல் பண்ணிட்டா காசு கெடையாது, நீங்க பொள்ளாச்சி வரைக்கும் போய்ட்டு வந்திருந்தாலும் சரி.

ரெண்டாவது, அங்க வேலை கத்துக்கலாம், அத மறுக்கவே மாட்டேன். ஆபீஸ் ஓனர் சார் கில்லாடி. சேந்த புதுசுல அன்னூர் பக்கம் லேஅவுட்ல ஒரு காலி சைட் பாத்துட்டு வந்தேன், கல்லு எதுவும் இல்ல, கூட வந்த புரோக்கர் "இதாங்க சைட்டு"ன்னு கை காட்டினாரு, நானும் நாலு போட்டோ எடுத்துட்டு வந்துட்டேன். சார் போட்டோவ ஒரு நிமிஷம் பாத்தாரு. "தம்பி, எத்தன மணிக்கு எடுத்தே?" ஒம்போதுங்க சார்னேன், ஜிபிஎஸ் கேமரா ஆப்லயே டைம் இருந்துச்சு. "காலைல ஒம்போது மணிக்கு நெழல் எந்தப் பக்கம் விழும்? மேக்க. இதுல உன் நெழல் ரோட்டப் பாத்து விழுது, அப்ப ரோடு மேக்க இருக்கு. பத்திரத்துல செக்குபந்தி, அதான் நாலு பக்கமும் என்ன இருக்குங்கறது, என்ன சொல்லுது, கெழக்க ரோடுன்னு. நீ அடுத்தவன் சைட்டுக்கு மதிப்பு போட்டுட்டு வந்திருக்கே." எனக்கு மொகமே செத்துப் போச்சு. மறுநாள் சொந்தக் காசுல பெட்ரோல் போட்டுப் போயி சர்வே வரைபடமான புலப்படத்த வச்சு எண்ணிப் பாத்தா, நெஜமாவே ரெண்டு வரிசை தள்ளி. அன்னைல இருந்து செக்குபந்தி ஒத்துப் பாக்காம நான் டேப்பையே எடுக்கறதில்ல.

அதே மாதிரி ரேட் விசாரிக்கறதும் அவர்கிட்டத்தான் கத்துக்கிட்டேன். வழிகாட்டி மதிப்ப வச்சு மார்க்கெட் ரேட் சொல்ல முடியாது, அது பத்திரப் பதிவுக்கு கவர்ன்மென்ட் வைக்கற கணக்கு, 2017ல 33 சதவீதம் கொறைச்சாங்க, 2023ல திரும்ப பழைய ரேட்டுக்கே ஏத்துனாங்க, அதனால இடம் மதிப்பா ஏறி எறங்குச்சு? பத்திரத்துல போடற தொகைய நம்புனா அதுவும் பாதி உண்மதான். ரெண்டு புரோக்கர், ஒரு டீக்கடை, பக்கத்துல சமீபத்துல வீடு வாங்குன ஒருத்தர்னு நாலு பேர்கிட்ட கேட்டு, அதுல மேல ஒண்ணு கீழ ஒண்ணு கழிச்சுட்டு வரணும்பாரு.

இவ்வளவு சொல்லிட்டு ஏன் 2 ஸ்டார்னா, இதே மனுசன்தான் காரணம்.

கணபதி பக்கம் ஒரு பழைய வீடு, ரீசேல். 3 சென்ட் இடம், 1100 சதுர அடி கட்டடம். விக்கறது ஒரு வயசான அம்மா, போனதுமே "வாங்க சாமி, மொதல்ல மோர் குடிங்க"ன்னாங்க. வீட்டு முன்பக்கம் புதுசா எலிவேஷன் பண்ணி, டைல்ஸ் ஒட்டி, பெயின்ட் அடிச்சு பளபளன்னு இருந்துச்சு. ஆனா சமையக்கட்டுக்குள்ள போயி மேல பாத்தா ஒரு மொழம் நீளத்துக்கு கான்கிரீட் பேந்து கம்பி துருப்புடிச்சுத் தெரியுது, அதுக்கு மேலயே வெள்ளை அடிச்சு வச்சிருக்காங்க. மொத வீட்டு வரி ரசீது 2004. நான் இடம் சென்ட் 12 லட்சம்னு 36 லட்சம் போட்டேன். கட்டடம் இன்னைக்குக் கட்டுனா சதுர அடி 2000 வச்சு 22 லட்சம், வயசு 20, ஆயுசு 60 வருஷம், கடைசில 10 சதவீதம் மிச்சம் நிக்கும்ங்கற வழக்கமான கணக்குல 30 சதவீதம் தேய்மானம் போக 15.40 லட்சம். மொத்தம் 51.40. அனுப்பிட்டு வீட்டுக்குப் போய்ட்டேன்.

இதுக்கு நடுவுல லோன் ஏஜென்ட் ஒருத்தர் எனக்கு போன் மேல போன். "பிரதர், 56க்கு மேல வந்தாத்தான் ஓகே ஆகும், பாத்துப் பண்ணுங்க." கணக்கு சிம்பிள். பார்ட்டிக்கு 45 லட்சம் லோன் வேணும், 30ல இருந்து 75 லட்சம் வரைக்கும் லோன்னா மதிப்புல 80 சதவீதத்துக்கு மேல குடுக்கக் கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் ரூல், அப்ப மதிப்பு 56.25ஆவது வரணும். நான் போட்ட 51.40க்கு 41 சொச்சம்தான் கெடைக்கும். நான் "ஆபீஸ்ல கேளுங்க"ன்னு வச்சுட்டேன். இன்னைக்கு நெனச்சா அதுதான் என் தப்பு, அந்த நிமிஷமே சாருக்கு எழுத்துல மெசேஜ் போட்டு வச்சிருக்கணும்.

மூணு வாரம் கழிச்சு வீடு வாங்கற பையன் போன் பண்றாரு, விசிட்டுக்கு டைம் கேக்க என் நம்பர் குடுத்திருந்தேன். "தேங்க்ஸ் ப்ரோ, பேங்கே 60 லட்சம்னு மதிப்பு போட்டுருச்சு, நாங்க 58க்குத்தான் பேசியிருக்கோம், ரெண்டு லட்சம் லாபம்." குரல்ல அவ்வளவு சந்தோசம். ரிப்போர்ட்ல இருக்கறத வெளிய பேசறது நம்ம வேலையில கூடாது, அதனால வாய மூடிக்கிட்டேன், "சமையக்கட்டு மேல்தளத்த மட்டும் ஒரு இன்ஜினியர வச்சுப் பாத்துக்கோங்க"ன்னு சொன்னேன். அவர் பாத்தாரா இல்லையான்னு தெரியாது. அது இன்னும் உறுத்துது.

அடுத்த நாள் ஆபீஸ்ல ஃபைனல் காப்பிய கேட்டு வாங்கிப் பாத்தேன். சென்ட் 13.50 ஆயிருக்கு. கட்டட வயசு 8. மொத்தம் 59.86. நான் அனுப்பின போட்டோ 9, ரிப்போர்ட்ல 8 தான் இருக்கு, எது இல்லன்னு நான் சொல்லத் தேவையில்ல. கீழ "நான் நேரில் சென்று பார்வையிட்டேன்"ன்னு எழுதி சாரோட கையெழுத்து, சீல்.

கேட்டேன். கத்தல்லாம் இல்ல, அமைதியாத்தான் கேட்டேன். "தம்பி, ரெனவேஷன் பண்ணியிருக்காங்கல்ல, அதான் எஃபெக்டிவ் ஏஜ்"ன்னாரு. எஃபெக்டிவ் ஏஜ்னு ஒண்ணு இருக்கறது நெஜம்தான், நல்லா பராமரிச்ச வீட்டுக்கு வயசக் கொறச்சுப் போடலாம், அது அவரவர் அனுபவம், அவர் என்னவிட இருவது வருசம் சீனியர். ஆனா அப்படிப் போட்டா ஏன் போட்டேன்னு ரிப்போர்ட்லயே எழுதணும், 2004 ரசீதையும் சொல்லணும், மேல்தளம் பேந்த போட்டோவ ரிப்போர்ட்ல இருந்து தூக்கக் கூடாது. வெளிய டைல்ஸ் ஒட்டுனா உள்ள கம்பிக்கு வயசு கொறையுமா? இத நான் சொன்னப்ப அவர் என்னப் பாக்கல, ஃபோனத்தான் பாத்துக்கிட்டிருந்தாரு.

எனக்கு ஏன் இது பெருசுன்னா, நான் பதிவு பெற்ற வேல்யூவர் ஆகறதுக்கான ஐபிபிஐ பரிச்சைக்குப் படிச்சிட்டு இருக்கேன். பிஇ முடிச்சு அஞ்சு வருச அனுபவம் வேணும், 50 மணி நேர கிளாஸ் முடிக்கணும், பரிச்சைல 60 சதவீதம் எடுக்கணும், தப்பா எழுதுனா மார்க் கொறைப்பாங்க. 2017 வேல்யூவர்ஸ் ரூல்ஸ்ல நடத்தை விதின்னு ஒரு பகுதி வரும், அதுல எந்த வேலைய நம்மளால பண்ண முடியும், எதுக்கு அடுத்த வேல்யூவரயோ வேற நிபுணரயோ நம்பியிருக்கோம்னு கிளையன்ட்கிட்ட தெளிவா சொல்லிடணும்னு இருக்கு. லோன் ரிப்போர்ட்டுக்கு அந்த ரூல் நேரா பொருந்துமா பேனல் அக்ரிமென்ட் பொருந்துமான்னு லாயருங்க பேசிக்கட்டும், நியாயம் ஒண்ணுதானே. சைட்டுக்கு ஆள் விடறது தப்பே இல்ல. ஒரு நாளைக்கு பத்து ஃபைல் வந்தா ஒரு மனுசன் எப்படி பத்து வீட்டுக்கும் போவான்? பாத்தது இந்த இன்ஜினியர், மதிப்பு போட்டது நான்னு ரெண்டு வரி சேத்தா முடிஞ்சுது. அத சேக்கச் சொல்லித்தான் கேட்டேன், "பேங்க் ஃபார்மட்ல அதுக்குன்னு கட்டம் இல்ல தம்பி"ன்னு முடிச்சுட்டாரு. ரிமார்க்ஸ்னு அரைப் பக்கம் காலியா கெடக்கு அதே ஃபார்மட்ல.

அப்புறம் ரெண்டு மாசம் போனேன், பொய் சொல்லல, காசு வேணும். ஆனா ஒவ்வொரு விசிட்டுக்கும் நான் போட்ட மதிப்பு, எடுத்த போட்டோ, கட்டட வயசு எதை வச்சு சொன்னேன்னு என் மெயில்ல இருந்து ஆபீஸ் மெயிலுக்கு அனுப்பிட்டுத்தான் தூங்குவேன். எனக்கு வர்ற ஃபைல் தானா கொறஞ்சுது. வாரத்துக்கு எட்டு வந்த எடத்துல மூணு, அப்புறம் ஒண்ணு. கடைசியா "போன வருஷ போட்டோ இருக்குல்ல, அதையே வச்சுக்கலாம், போக வேணாம்"னு ஒரு ஃபைல் வந்துச்சு, அதுக்கு மட்டும் முடியாதுங்க சார்னு சொல்லிட்டேன்.

சேரப் போறவங்க காசு, வேலை கத்துக்கறது ரெண்டுக்கும் தைரியமா சேருங்க, அதுக்குத்தான் அந்த 2. ஆனா மொத நாளே ஃபைனல் ரிப்போர்ட் காப்பி எனக்கும் வேணும்னு கேளுங்க, குடுப்பாங்களா மாட்டாங்களாங்கறதுலயே உங்களுக்குப் பாதி புரிஞ்சுடும். நான் இன்னும் அவங்க வாட்ஸ்அப் குரூப்ல இருந்து வெளிய வரல. நேத்து சூலூர் பக்கம் ஒரு வீடு போட்டிருந்தாங்க, "அர்ஜென்ட், இன்னைக்கே ரிப்போர்ட்"னு. ரெண்டு நிமிசத்துல ஒரு புதுப் பையன் "டன் சார்"னு போட்டுட்டான்.