ஈரத்தாள் பையா, மண் தொட்டியா? அரிய விதைகளுக்கு நான் தேர்ந்த வழி

சொர்க்கப்பறவைச் செடியின் பன்னிரண்டு விதைகள் கைக்கு வந்தபோது, ஆறு விதைகளைக் கோகோபீட்டும் (தேங்காய் நார்த்தூள்) பெர்லைட்டும் (பொரித்த எரிமலைக் கல் துகள்) கலந்த தொட்டியில் ஊன்றினேன். மற்ற ஆறையும் ஈர டிஷ்யூ தாளில் மடித்து, ஜிப் பைக்குள் இட்டு மூடினேன். எந்த முறை மேலானது என்று சோதிக்கும் எண்ணம் அப்போது இல்லை. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டு மொத்தமாக இழந்துவிடக் கூடாது என்ற பயம்தான் காரணம். மூன்று மாத முடிவில் பையிலிருந்து நான்கு நாற்றுகளும் தொட்டியிலிருந்து ஒன்றும் கிடைத்தன. ஆறு விதைகளை வைத்துக்கொண்டு சதவீதம் பேசுவது நகைப்புக்குரியது என்பதை அறிவேன். ஆனால் அந்த மூன்று மாதங்களில் பை எனக்குக் காட்டியதையும் தொட்டி மறைத்ததையும் பார்த்த பிறகு, மெதுவாக முளைக்கும் எந்த விதையையும் பையில்தான் தொடங்குகிறேன்.

எளிதாகத் தெரியும் வேறுபாடுகளைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். பைக்கு இடம் வேண்டாம். ஓர் அலமாரித் தட்டில் இருபது பைகள் அடங்கும். பெரும்பாலான வெப்பமண்டல விதைகள் விரும்பும் 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெதுவெதுப்பை ஒரு சிறிய பைக்குத் தருவது எளிது. வைஃபை ரவுட்டரின் மேற்பரப்பே பல நேரம் போதும். தொட்டிக்கு அன்றாடம் ஈரம் பார்க்க வேண்டும். பையை நான்கைந்து நாள்களுக்கு ஒருமுறை திறந்து காற்று மாற்றினால் போதும்.

இவற்றைவிட என் முடிவைத் தீர்மானித்தது வேறொன்று: விதைக்கு என்ன நேர்கிறது என்பதைக் கண்ணால் காண முடிவது. சொர்க்கப்பறவை விதை பட்டாணி அளவில் கறுப்பாக இருக்கும். அதன் தலையில் செம்மஞ்சள் நிறத்தில் கம்பளிக் குஞ்சம் போன்ற ஒன்று ஒட்டியிருக்கும். (இதன் நெருங்கிய உறவான, வெண்ணிறப் பூ கொண்ட பெரிய இனத்தின் குஞ்சத்தில், விலங்குகளிடம் மட்டுமே உண்டு என்று எண்ணப்பட்ட பிலிரூபின் நிறமி இருப்பதை 2009-இல் கண்டறிந்தார்கள், மஞ்சள் காமாலையில் கண்ணை மஞ்சளாக்குகிற அதே பொருள்தான்.) குஞ்சத்தைப் பிய்த்தெடுத்து, விதையின் மேலோட்டை உப்புத்தாளில் தேய்த்து, இரண்டு நாள் வெந்நீரிலும் ஆறிய நீரிலும் ஊறவைத்தபின், ஒரு மாதம் முதல் மூன்று மாதமும் அதற்கு மேலும் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில்தான் தொட்டி நம்மைக் கைவிடுகிறது.

தொட்டிக்குள் ஒரு விதை நீரே உறிஞ்சாமல் கல்லாகக் கிடக்கலாம், அழுகிக் கூழாகியிருக்கலாம், முளைவேர் விட்டுக் கீழே இறங்கிக்கொண்டும் இருக்கலாம். மேலிருந்து பார்ப்பவருக்கு இந்த மூன்றும் ஒன்றே, அசையாத ஈரக் கலவை. ஒன்பதாவது வாரத்தில் பொறுமை இழந்து கரண்டிக் காம்பால் கிளறினேன். முதலில் வந்தவை இரண்டு வெற்று ஓடுகள். எப்போது அழுகின என்று சொல்ல வழியில்லை. மூன்றாவதாகக் காம்பில் இடறியது, அரை அங்குலம் வேர் விட்டிருந்த நல்ல விதை. வேர் நுனி முறிந்து தனியாக வந்தது. கிளறியது என் தவறுதான். ஆனால் ஒன்பது வாரம் எதையும் காட்டாத தொட்டியைக் கிளறாமல் இருக்கிற மனிதரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

பையில் இந்த மூன்று நிலைகளும் தனித்தனியாகத் தெரிகின்றன என்பதைவிட, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பரிகாரம் உண்டு என்பதுதான் முக்கியம். நீர் உறிஞ்சிய விதை கண்ணுக்குத் தெரியும் அளவு பருக்கும். பருக்காததை எடுத்து மீண்டும் தேய்க்கலாம். பெருக்கமரத்தின் (பாவோபாப்) விதையில் இது இன்னும் தெளிவாகப் புரியும்: ஓடு நீரை உள்ளே விடாத வரை எத்தனை மாதம் வைத்தாலும் ஒன்றும் நடக்காது, விட்டுவிட்டால் ஒரே இரவில் விதை உப்பிவிடும். ஊறவைத்த பத்தில் மூன்று உப்பாமல் கிடந்தால், அந்த மூன்றை மட்டும் தேய்த்தால் போதும். தொட்டியில் நேராக ஊன்றியிருந்தால் அந்த மூன்று எவை என்பதே தெரியாது.

பூஞ்சையும் அப்படித்தான். பையைக் குறை சொல்பவர்கள் முதலில் சொல்வது பூஞ்சையைத்தான், அதில் பொய்யில்லை. மூடிய ஈரத்தில் அது வரவே செய்யும். ஆனால் ஓட்டின்மேல் படர்கிற வெண்பூஞ்சை பெரும்பாலும் குஞ்சத்தின் மிச்சத்தையோ சதையின் மிச்சத்தையோ தின்று வாழ்வது; அதைக் கண்டதும் விதை செத்துவிட்டது என்று எறிந்துவிடக் கூடாது. விரலிடையில் மெல்ல அழுத்திப் பார்க்க வேண்டும். கெட்டியாக இருந்தால் கழுவி, 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் நீர் சேர்த்துச் சில நிமிடம் போட்டெடுத்து, புதுத் தாளில் வைக்கலாம். அமுங்கி நாற்றமடித்தால் அதை நீக்கினால் அண்டை விதைகள் பிழைக்கும். தொட்டியிலும் பூஞ்சை உண்டு. அங்கே அது நாற்றழுகலாக, முளைத்து வந்த தண்டு மண்மட்டத்தில் சுருங்கிச் சாய்ந்த பிறகே தன்னை அறிவிக்கும். தாளில் ஈரம் அதிகமாவதே பையில் வரும் பாதிச் சிக்கலுக்குக் காரணம். பிழிந்தால் ஒரு சொட்டும் விழக் கூடாது.

பையின் உண்மையான பலவீனம் இடமாற்றம். முளைவேர் தாளின் இழைகளுக்குள் புகுந்துவிட்டால் பிரித்தெடுக்கும்போது வேர்த்தூவிகள் அறுந்துபோகும். முதல் விதையில் அதைச் செய்து கெடுத்தேன். அடுத்தவற்றில் வேர் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டும் முன்பே மாற்றினேன், ஒட்டிக்கொண்ட தாளைப் பிய்க்காமல் சுற்றிலும் கத்தரித்து அதோடு நட்டேன். டிஷ்யூவுக்குப் பதிலாகக் காபி வடிதாளைப் பயன்படுத்தினால், அது கெட்டியாக இருப்பதால், இந்தத் தொல்லை பெரிதும் குறைகிறது. தொட்டியில் விதைத்தவருக்கு இந்தக் கவலையே இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆகவே தொட்டிதான் சரி என்று நானே சொல்லும் இடங்களும் உண்டு. பாலைவன ரோஜாவின் விதை புதியதாக இருந்தால் ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும். அவ்வளவு விரைவில் முளைப்பதைப் பையிலிட்டு வேவு பார்ப்பதில் பயனில்லை. லித்தாப்ஸ் என்னும் கல்செடி, பசைத்துளிகளால் பூச்சி பிடிக்கும் டிராசெரா ஆகியவற்றின் விதைகள் தூள் போன்றவை. இடுக்கியாலும் பிடிக்க முடியாது. அவற்றை மண்ணால் மூடாமல் கலவையின் மேற்பரப்பில் தூவி, வெளிச்சத்தில், கண்ணாடி மூடியின்கீழ் வைப்பதே முறை. நமீபியா, அங்கோலா பாலைநிலத்தின் வெல்விச்சியா நீண்ட ஆணிவேர் விடுவது. அந்த வேரைத் தொடுவதே ஆபத்து என்பதால் முதலிலேயே ஆழமான தொட்டியில் ஊன்றிவிட வேண்டும். ஆர்க்கிட் விதைக்கோ இரண்டுமே உதவாது. அதில் சேமித்த உணவு இல்லாததால், பூஞ்சைத் துணையோ, 1922-இல் தாவரவியலாளர் லூயிஸ் நட்சன் காட்டிய வழியில் கிருமி நீக்கிய சர்க்கரை ஊடகமோ தேவை.

குளிர்காலத்தைக் கடந்தால்தான் முளைப்பேன் என்று அடம்பிடிக்கும் சாரசேனியா போன்ற ஊன் உண்ணிச் செடிகளுக்கு ஈரத்தோடு நான்கு முதல் ஆறு வாரக் குளிர் தேவை. அவற்றின் விதை சிறியதாயினும், ஈரப் பாசியோடு பையில் கலந்து குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டு, பின்னர் பாசியோடு சேர்த்தே தொட்டியில் பரப்பிவிடலாம். இதில் இரு முறைகளும் கைகோத்துக்கொள்கின்றன. பனைக் குடும்பத்தைப் பற்றி நான் உறுதியாகப் பேச மாட்டேன். அதில் சில இனங்கள் விதையிலிருந்து ஒரு தண்டை நெடுந்தூரம் கீழே செலுத்தி, அதன் நுனியில்தான் செடியை எழுப்பும். நான் முளைக்கவைத்ததோ அப்படிச் செய்யாத ஒரே ஒரு இனம்.

பையில் போட்ட ஆறில் நான்கு நாற்றாகின. இடமாற்றத்தில் கெட்டது ஒன்று. மிச்சமிருக்கும் ஆறாவது விதை ஐந்தாம் மாதத்திலும் தாளுக்குள்ளேயே கிடக்கிறது. நேற்றுத் தாளை மாற்றும்போது அழுத்திப் பார்த்தேன். இன்னும் கெட்டியாகத்தான் இருக்கிறது. இன்னொரு முறை உப்புத்தாளில் தேய்த்து, திரும்பவும் ஊறப்போட்டிருக்கிறேன்.