850 வெள்ளிக்கு ஒரு பழைய திங்க்பேட்: சுங்கை சிப்புட்டில் வாங்கிய டி480

எங்கள் டவுனிலேயே, மலேசியாவில் பேராக்கின் சுங்கை சிப்புட்டில், பழைய மடிக்கணினிகள் விற்கும் சின்னக் கடை ஒன்றில் லெனோவோ திங்க்பேட் டி480 ஒன்றை 850 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கி, அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு வீட்டில் எல்லாரும் பயன்படுத்துகிறோம். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோட்டத்திலோ டவுனை ஒட்டிய தாமானிலோ இருக்கிற, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் உள்ள ஒரு குடும்பத்துக்கு ஆயிரம் வெள்ளிக்குள் இதைவிட நல்ல கணினி கிடையாது. அதே காசுக்கோ இன்னும் முந்நூறு நானூறு கூடப் போட்டோ புதுசாக வாங்குகிற லேப்டாப் இதன் பக்கத்தில்கூட வராது.

புதுசு என்றால் என்ன கிடைக்கிறது என்பதை என் அக்கா வீட்டில் பார்த்தேன். மகள் படிவம் ஒன்றுக்குப் போகிறாள் என்று ஈப்போவில் ஒரு பேரங்காடியில் 1,300 வெள்ளி கொடுத்து எடுத்தார்கள். எந்த பிராண்ட் என்று சொல்லப்போவதில்லை, இந்த விலையில் பல நிறுவனங்களும் இப்படித்தான் செய்கின்றன. 4 ஜிபி ரேம், 64 ஜிபி இஎம்எம்சி எனப்படும் மலிவுவகைச் சேமிப்பு, இரண்டும் மதர்போர்டோடு சேர்த்துப் பற்றவைத்தவை. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் கேட்கிற குறைந்தபட்ச அளவு அதுவேதான், 4 ஜிபி, 64 ஜிபி. அந்தக் கோட்டைத் தொட்டுவிட்டால் போதும் என்று செய்து விற்கிறார்கள். விண்டோஸே பாதி இடத்துக்கு மேல் பிடித்துக்கொள்ள, பெரிய அப்டேட் வரும்போது இறக்குவதற்கு இடமில்லாமல் நின்றுபோகும். கூகுள் மீட் ஒரு பக்கம், பாட நூல் பிடிஎஃப் ஒரு பக்கம் திறந்தால் திணறும். அப்புறம் சார்ஜர் குத்துகிற இடம் ஆட்டம் கண்டது. சர்வீஸ் சென்டரில் மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்று சொல்லி, கிட்டத்தட்ட புதுசு வாங்குகிற விலையைக் கேட்டார்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளையின் படிப்புக்கென்று சேர்த்து வைத்த காசு அது. இப்படி ஒரு பொருளைப் பள்ளி மாணவர்களுக்கு ஏற்றது என்று அட்டை ஒட்டி விற்பது எனக்குக் கோபத்தைத்தான் கிளப்புகிறது.

டி480 எங்கிருந்து வருகிறது என்றால், 2018-இல் அலுவலகங்களுக்கென்று செய்யப்பட்ட இயந்திரம் இது. பெரிய கம்பெனிகள் நூற்றுக்கணக்கில் குத்தகைக்கு எடுத்து, சில வருடங்களில் திருப்பிக் கொடுத்துவிடும். அவை மொத்தமாக ஏலத்தில் போய், துடைத்து, சோதித்து, ஜப்பான், சிங்கப்பூர் வழியாக நம் ஊர்க் கடைகளுக்கு வந்து சேர்கின்றன. ரீகொண்ட் கார் போலத்தான். ஜப்பானிலிருந்து வந்ததா என்று கீபோர்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும், ஸ்பேஸ் பார் குட்டையாக இருக்கும், அதன் இரு பக்கமும் ஜப்பானிய எழுத்து போட்ட கூடுதல் விசைகள் இருக்கும். பிள்ளைகள் தட்டச்சுப் பழகுகிற வீட்டுக்கு அது சரிப்படாது, ஆங்கிலக் கீபோர்டு மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். எனக்கு மாற்றிக் கொடுத்தார்கள்.

திங்க்பேட் என்ற பெயரே 1992-இல் ஐபிஎம் வைத்தது, 2005-இல் அந்தக் கணினிப் பிரிவை லெனோவோ வாங்கிக்கொண்டது. கை மாறினாலும், திறந்து பழுது பார்க்க முடிய வேண்டும் என்ற எண்ணம் டி480 வரைக்கும் பெரிய அளவில் தப்பிப் பிழைத்திருக்கிறது. அடிமூடியில் இருப்பது சாதாரண ஸ்க்ரூதான், தளர்த்தினாலும் கீழே விழாமல் மூடியிலேயே தங்கும். உள்ளே ரேமுக்கு இரண்டு இடம். எஸ்எஸ்டி, கீபோர்டு, மின்விசிறி, வைஃபை அட்டை எல்லாமே கழற்றி மாற்றக்கூடியவை. 8 ஜிபியோடு வாங்கி, பிறகு காசு சேர்ந்ததும் இன்னொரு 8 ஜிபி போட்டுக்கொண்டோம். திறப்பதற்கு முன்னால் ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும், பயாஸுக்குள் (கணினி தொடங்கும்போதே திறக்கிற அடிப்படை அமைப்புத் திரை) போய் உள் பேட்டரியை முடக்கிவிட்டுத்தான் மூடியில் கை வைக்க வேண்டும், அதற்கென்றே அங்கே ஒரு தேர்வு இருக்கிறது. மூடியின் ஓரத்துக் கிளிப்புகள் மெல்லியவை, நெம்பினால் ஒடியும்.

பேட்டரி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், நம் பக்கத்து ஆட்களுக்கு இதுதான் பெரிய விஷயம். டி480-இல் இரண்டு பேட்டரி. ஒன்று உள்ளே, 24 வாட்-மணி நேரம். இன்னொன்று பின்பக்கம் வெளியே, கையால் இழுத்தால் கழன்றுவிடும், 24, 48, 72 என்று மூன்று அளவுகளில் உண்டு. உள்ளே இருப்பது ஓடிக்கொண்டிருக்கும்போதே வெளியே இருப்பதைக் கழற்றி வேறொன்றைச் செருகலாம், கணினி அணையாது. சாயங்காலம் ஆனால் மழையும் இடியும் வருகிற ஊர் இது. முதல் இடி கேட்டதுமே அம்மா வீட்டில் எல்லா பிளக்கையும் பிடுங்கிவிடுவார், அதில் தப்பே இல்லை, மோடத்தில் மின்னல் பாய்ந்து, அதிலிருந்து லேன் கேபிள் வழியாகக் கணினிக்கும் போய் இரண்டும் சேர்ந்து கருகிய வீடுகள் எங்கள் வரிசையிலேயே இருக்கின்றன. பிளக், கேபிள் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் பிள்ளை பாட்டுக்கு வீட்டுப்பாடம் செய்துகொண்டிருக்க முடிகிறது என்றால் அது இந்த இரண்டு பேட்டரியால்தான். பழைய இயந்திரம் என்பதால் பேட்டரி தேய்ந்திருக்கும், கடையிலேயே பேட்டரி ரிப்போர்ட் எடுத்துக் காட்டச் சொல்லி, முதலில் இருந்த கொள்ளளவு எவ்வளவு, இப்போது நிற்பது எவ்வளவு என்று பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.

குறைகளும் உண்டு. திரை மங்கல், வெளிச்சம் 250 நிட் அளவுதான், வீட்டுக்கு வெளியே ஐந்தடி நடைபாதையில் உட்கார்ந்து பார்க்க முடியாது. அதிலும் 1366க்கு 768 திரை கொண்டவை சந்தையில் நிறைய உலவுகின்றன, அதைத் தொடவே வேண்டாம், 1920க்கு 1080 ஐபிஎஸ் (பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாத வகை) திரைதானா என்று கேட்டு வாங்குங்கள். ஒலிபெருக்கி சுமார். பெரிய பேட்டரி போட்டால் கனம். இதையெல்லாம்விட முக்கியமானது ஒன்று, அந்தக் காலத்துத் திங்க்பேட்களில் தண்டர்போல்ட் ஃபர்ம்வேரில், அதாவது யுஎஸ்பி-சி துளையை இயக்கும் உள் மென்பொருளில், ஒரு கோளாறு இருந்தது, புதுப்பிக்காமல் விட்டால் காலப்போக்கில் யுஎஸ்பி-சி துளை செயலிழந்து சார்ஜ் ஏறாமல் போகலாம். லெனோவோ அதற்குத் திருத்தம் வெளியிட்டுவிட்டது. அந்த அப்டேட் போட்டாகிவிட்டதா என்பதை வாங்கும்போதே உறுதி செய்துகொள்ள வேண்டும். பயாஸில் பழைய கம்பெனியின் கடவுச்சொல் பூட்டு இல்லை என்பதையும் கண்ணால் பாருங்கள், அந்தப் பூட்டோடு வந்த இயந்திரத்தை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள்.

சரி, ஏன் டி480, ஏன் அதற்கு முந்தைய டி470 இல்லை? இரண்டுக்கும் உடம்பு ஏறக்குறைய ஒன்றுதான், டி470-இலும் இரண்டு பேட்டரி உண்டு. டி470-இல் பெரும்பாலும் இருப்பது இன்டெலின் 7-ஆம் தலைமுறை சிப், டி480-இல் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறை. ஐ5 சிப்பில் இரண்டு கோர் இருந்த இடத்தில் நான்கு கோர் வந்தது அப்போதுதான், வேக வித்தியாசம் நன்றாகவே தெரியும். ஆனால் டி470-ஐவிட டி480 விலை கூடுதலாக இருப்பதற்கு முழுக் காரணம் அது மட்டும் இல்லை. 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வந்தபோது மைக்ரோசாஃப்ட் 8-ஆம் தலைமுறையில் கோடு கிழித்தது, அதற்குக் கீழே உள்ளவை, விரல் விட்டு எண்ணக்கூடிய சிலவற்றைத் தவிர, தகுதி இல்லை என்று சொல்லிவிட்டது. 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான ஆதரவும் முடிந்தது. பணம் கட்டியோ மைக்ரோசாஃப்ட் கணக்கில் செட்டிங்குகளைச் சேமித்தோ 2026 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் பெறலாம், அவ்வளவுதான். பாதுகாப்புக்காக என்று காரணம் சொல்கிறார்கள், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வசதி வேண்டும் என்கிறார்கள், ஆனால் அந்த வசதி 7-ஆம் தலைமுறை இயந்திரங்கள் பலவற்றிலும் இருக்கிறதே. நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற கோடிக்கணக்கான கணினிகளை ஒரே அறிவிப்பில் பழசு என்று ஒதுக்கினால் அது யார் தலையில் விழுகிறது? கோலாலம்பூரில் இரண்டு வருடத்துக்கு ஒரு லேப்டாப் மாற்றுகிறவர் தலையில் இல்லை. ஒரே கணினியை அண்ணன், தங்கை, அப்பா என்று மாறி மாறிப் பயன்படுத்துகிற வீடுகளின் தலையில்தான். இன்டெல் 1972-இல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையைத் திறந்தது பினாங்கில். பழைய டெஸ்க்டாப் சிப்புகள் பலவற்றின் முதுகில் மலாய் என்று பொறித்தே இருக்கும். நம் நாட்டு ஆட்களின் கை பட்டு வந்த சிப் இன்னும் சாகாமல் வேலை செய்கிறது, அதைக் குப்பையில் போடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதனால்தான் லினக்ஸ் மின்ட். 8-ஆம் தலைமுறை சிப் உள்ள டி480-இல் விண்டோஸ் 11 முறையாகவே ஓடும், உரிமம்கூடப் பெரும்பாலும் மதர்போர்டிலேயே பதிந்து வரும், திருட்டு விண்டோஸ் போட வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் மின்ட் இலேசாக இருக்கிறது, அப்டேட்டை நம்மைக் கேட்டுவிட்டு இறக்குகிறது, ஹாட்ஸ்பாட் டேட்டாவை நம்பி இருக்கிற வீட்டுக்கு இது பெரிய நிம்மதி. 2024-இல் வந்த 22-ஆம் பதிப்பு வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு. பள்ளிப் பிள்ளைகளுக்கு வேண்டிய டெலிமா (கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளம்), கூகுள் கிளாஸ்ரூம், கேன்வா எல்லாம் பிரௌசரிலேயே ஓடுகின்றன, வருமான வரி இ-பைலிங்கும் அப்படியே. டிபிஎம் பற்றியோ தலைமுறை பற்றியோ மின்ட் கேட்பதே இல்லை. கையில் காசு ரொம்பக் குறைவு, விண்டோஸ் வேண்டாம் என்றால் டி470-ஐயே எடுத்து மின்ட் போடுங்கள், தாராளமாக ஓடும்.

தமிழில் எழுதுவது எப்படி என்று சிலர் கேட்டார்கள். தமிழ்99 விசைப்பலகை லினக்ஸிலேயே இருக்கிறது, கீபோர்டு அமைப்பில் போய்ச் சேர்த்தால் போதும், எதையும் தனியாக இறக்க வேண்டாம். முரசு அஞ்சல் என்ற தமிழ் எழுத்து மென்பொருளைத் தந்த முத்து நெடுமாறன் நம் மலேசியாக்காரர். அவர் உருவாக்கிய இணைமதி எழுத்துருவையும் அஞ்சல் விசைமுறையையும் ஆப்பிள் தன் மேக் கணினிகளில் சேர்த்தே தருகிறது, ஒரு மலேசியத் தமிழருக்கு இதைவிடப் பெருமை என்ன வேண்டும். எனக்கு மின்ட்டில் தொந்தரவு கொடுத்தது ஒன்றே ஒன்று, கோயில் கமிட்டியின் பழைய கடிதங்கள். எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு குறிமுறைக்கு முந்தைய எழுத்துருவில் அடித்தவை, திறந்தால் கிறுக்கலாகத் தெரிந்தன. அந்தப் பழைய எழுத்துருக் கோப்பை யாரிடமிருந்தாவது வாங்கிப் போட்டால் சரியாகிவிடுகிறது. அரசாங்கப் படிவங்கள் சில வேர்டில் வரும், மின்ட்டோடு வருகிற லிப்ரே ஆபிஸில் திறந்தால் கட்டங்கள் கொஞ்சம் இடம் மாறும், அதை மறைக்க விரும்பவில்லை.

ஆப்பிள் என்றதும் 2020-இல் வந்த எம்1 மேக்புக் ஏர் பற்றியும் சொல்லியாக வேண்டும். மின்விசிறியே இல்லாமல், சூடாகாமல், நாள் முழுக்க பேட்டரி நிற்கிற இயந்திரம். அந்தச் சிப்பைச் செய்தவர்களைப் பாராட்டாமல் இருக்க முடியாது. பழசாகக் கிடைக்கும் விலையும் இறங்கிக்கொண்டே வருகிறது. ஆனால் ரேம், சேமிப்பு இரண்டும் மாற்ற முடியாதபடி பற்றவைத்தவை, 8 ஜிபி வாங்கினால் கடைசிவரை 8 ஜிபிதான். போர்டு போனால் சுங்கை சிப்புட்டில் அதைத் திறக்க ஆள் இல்லை, ஈப்போவில் தேட வேண்டும். டி480 கெட்டால் நம் டவுன் பையனே சரி செய்துவிடுவான்.

கடையைப் பற்றியும் நல்லதாகவே சொல்ல இருக்கிறது. இயந்திரத்தை மேசையில் வைத்து மூடியைத் திறந்தே காட்டினார்கள். நான் கேட்காமலே அங்கே வேலை பார்க்கிற தம்பி, "அண்ணே, இந்த வெளி பேட்டரி பாதிதான் நிக்குது, அம்பது வெள்ளி கொறச்சிக்குங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அடுத்த வீட்டுக்காரரையும் அங்கேதான் அனுப்பினேன். மூன்று மாத உத்தரவாதம் கொடுக்கிறார்கள். ஆனால் அதைக் கையால் எழுதிய ரசீதில், சீரியல் எண் இல்லாமல் கொடுத்தார்கள், நான் எழுதச் சொல்லித்தான் வாங்கினேன், நீங்களும் கேட்டு வாங்குங்கள். விலை அட்டை எதிலும் ஒட்டுவதில்லை, ஒவ்வொன்றுக்கும் வாய்விட்டுக் கேட்க வேண்டியிருக்கிறது, அதை அவர்கள் மாற்றிக்கொள்ளலாம்.

கடையில் டி480 தீர்ந்துபோயிருந்தால் டி490-ஐக் காட்டுவார்கள், எண் பெரியது, வருடமும் 2019, இன்னும் மெலிதாக அழகாக இருக்கும். அதில் ஒரு பகுதி ரேமைப் போர்டோடு பற்றவைத்துவிட்டார்கள், மாற்றக்கூடியது ஒரே ஒரு இடம்தான், வெளியே கழற்றுகிற பேட்டரியும் இல்லை. 2020-இல் வந்த முதல் டி14-உம் இதே கதைதான். அவசரம் இல்லை என்றால் அடுத்த சரக்கு வரும்வரை பொறுத்திருந்து டி480-ஐயே எடுங்கள், வந்ததும் சொல்லுங்கள் என்று கைப்பேசி எண்ணைக் கொடுத்துவிட்டு வந்தால் கூப்பிட்டுச் சொல்கிறார்கள்.