போன் நகரில் "மொன்றஷே" வாங்கப் போறவை கவனம்

பிரான்சின்ர வைன் பிரதேசமான பூர்கோன் பக்கம் போற ஆக்கள் இதை ஒருக்கா வாசிச்சிட்டுப் போங்கோ. அங்க போன் (Beaune) நகரில், பழைய ஆஸ்பத்திரிக்குக் கிட்ட இருக்கிற ஒரு வைன் கடையில 290 யூரோவுக்கு எங்கட தலையில ஒரு போத்தலைக் கட்டி விட்டிட்டாங்கள்.

ரெஸ்ரோறன்ட் செஃப் ஓய்வு பெறுகிறார் என்று எல்லாரும் காசு போட்டோம். மொன்றஷே அந்தப் பக்கத்தின்ர ஆக விலைகூடின வெள்ளை வைன்களில் ஒன்று. "மொன்றஷேதான் வேணும்" என்று தெளிவாகத்தான் கேட்டேன். "இதுதான், அதுவும் இன்னார் வீட்டுச் சரக்கு" என்று ஒரு பேர்போன வைன் குடும்பத்தின்ர பெயரையும் சொல்லி, கடைக்காரன் மளமளவென்று பரிசுத்தாள் சுற்றித் தந்தான். பற்றுச்சீட்டிலும் "மொன்றஷே" என்று ஒற்றைச் சொல்தான்.

செஃப் தாளைப் பிரிச்சார், கண்ணாடியைப் போட்டார், லேபிளில் விரல் வைச்சார்: புலினி-மொன்றஷே.

மொன்றஷே ஒரு கிராண்ட் குரு தோட்டம், அதாவது பூர்கோனில் ஆக உயர்ந்த தரம். மொத்தமே 8 ஹெக்டேயர் அளவுதான், புலினி, ஷசாஞ் என்ற இரண்டு ஊரிலும் கிடக்குது. 1879இல் இரண்டு ஊரும் அந்தத் தோட்டத்தின்ர பெயரைத் தங்கட பெயரோடு ஒட்டிக்கொண்டன. எங்கட போத்தல் மாதிரி ஊர்ப் பெயரில் வாற வைன் கூடாதது இல்லை, விலைதான் மலைக்கும் மடுவுக்கும். 290க்கு மொன்றஷே என்று யாரும் நீட்டினாலே சந்தேகப்படுங்கோ.

குடும்பப் பெயரும் அப்படித்தான். அங்க காணி பிள்ளைகளுக்குச் சமபங்காகப் பிரியும். ஒரே பெயரில் நாலைஞ்சு வீடு வைன் செய்யும். ஒருத்தர் தன்ர தோட்டத்தில பிழிவார், மற்றவர் வெளியில திராட்சை வாங்கிப் போத்தலில் அடைப்பார். எங்கட போத்தலில் "மி ஆன் புத்தேய் ஓ தொமேன்" (தோட்டத்திலேயே போத்தலில் அடைச்சது) என்ற வரியே இல்லை. தக்கைக்கு மேல் உறையில் இருக்கிற அரச முத்திரையில் "என்" (N) எழுத்து, அதாவது வியாபாரி. சொந்தத் தோட்டத்தில திராட்சை விளைவிக்கிறவர் என்றால் "ஆர்" (R) இருக்கும். 2019க்குப் பிறகு அந்த முத்திரை கட்டாயமில்லை, புதுப் போத்தலில் தேடாதீங்கோ.

திருப்பிக் கொண்டுபோனால், "லேபிளில் பொய் எங்க இருக்கு?" என்று எங்களையே கேட்கிறான்! 14 நாளுக்குள்ள திருப்பிக் குடுக்கிற உரிமை இணையத்தில வாங்கினதுக்குத்தான், கடையில நேரே வாங்கினதுக்கு இல்லை. பற்றுச்சீட்டையும் லேபிளையும் படம் எடுத்து அரசாங்கத்தின்ர சிக்னல்கொன்சோ தளத்தில முறைப்பாடு போட்டிருக்கிறேன். வாங்கும்போதே முழுப் பெயரையும் பற்றுச்சீட்டில் எழுதச் சொல்லுங்கோ. எழுதப் பஞ்சிப்பட்டால் வெளியில வந்திடுங்கோ.

போத்தலை செஃப் பிறகு திறந்தார். "நல்ல புலினி, 80 யூரோ குடுக்கலாம்" என்றார்.