கிருஷ்ணகிரியில் பெயர்ப் பலகையோடு கன்று விற்கும் நர்சரி

மலைவேம்பு நட நினைக்கிறவர்கள் ராயக்கோட்டை சாலையில் இருக்கும் இந்த நர்சரியை ஒருமுறை பார்த்துவிடுங்கள். விலை மற்ற இடங்களை விடக் கொஞ்சம் கூடத்தான், பேரமெல்லாம் நடக்காது. ஆனால் ஒவ்வொரு பாத்தி முன்னாலும் தகரப் பலகை நட்டு, தமிழ்ப் பெயருக்குக் கீழே அறிவியல் பெயரையும் எழுதி வைத்திருக்கிறார்கள், அதற்காகவே கூடுதல் காசு கொடுக்கலாம்.

ஏனென்றால் நம் பக்கம் மலைவேம்பு என்று கேட்டால் இரண்டு மரம் வரும். பிளைவுட்காரர்கள் தேடி வாங்குவது மீலியா டூபியா, மளமளவென்று நேராக உயரும். இன்னொன்று மீலியா அசெடராக், கிளை விட்டுப் பரவுகிற ஜாதி, அதையும் மலைவேம்பு என்றே விற்கிறார்கள். கன்றில் நமக்கு வித்தியாசம் தெரியாது, தெரியும்போது சில வருஷம் போயிருக்கும். மீலியா என்ற முன்பாதி பேரினம், அதாவது நெருங்கிய சொந்தக்கார மரங்களின் கூட்டம், இரண்டுக்கும் பொது. பின்பாதிதான் ஆளைக் காட்டிக்கொடுக்கும். அதனால் "மீலியாதான் சார்" என்று யாராவது சொன்னால் உடனே வண்டியில் ஏற்றாமல் முழுப் பெயரையும் கேளுங்கள்.

நம்ம வேம்பும் முன்பு மீலியாதான். 1753-ல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் அதற்கு மீலியா அசாடிராக்டா என்று பெயர் வைத்தார், 1830-ல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் ஜூஸ்யூ தனிப் பேரினமாகப் பிரித்து அசாடிராக்டா இண்டிகா ஆக்கினார். இங்கே பலகையில் சரியாக இருக்கிறது. கருவேலத்துக்கு மட்டும் இன்னும் அகேசியா நிலோட்டிகா என்றே கிடக்கிறது. 2005-ல் வியன்னாவில் நடந்த உலகத் தாவரவியல் மாநாட்டுக்குப் பிறகு அகேசியா என்ற பெயர் ஆஸ்திரேலிய மரங்களோடு போய்விட்டது, நம்முடையது இப்போது வச்செல்லியா நிலோட்டிகா. கடைக்காரரிடம் சொன்னேன். "பேர் மாறினா முள்ளு குறையுமா சார்?" என்றார். சரிதான்.

உண்மையான குறை மாங்கன்றுப் பகுதியில். எல்லாப் பலகையிலும் மாஞ்சிஃபெரா இண்டிகா, அவ்வளவுதான்! பெங்களூரா, சேந்தூரா, அல்போன்சா, மல்கோவா எல்லாம் ஒரே இனம் என்பதால் இந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ரகத்தின் பெயரை அதற்குப் பின்னால் ஒற்றை மேற்கோள் குறிக்குள் போடுவதுதான் முறை. மாங்கூழ் ஃபேக்டரிகள் இருக்கும் கிருஷ்ணகிரியிலேயே இதை விட்டால் எப்படி? ஒட்டுக் கன்று எடுத்தால் பில்லில் ரகத்தை எழுதித் தரச் சொல்லுங்கள், கேட்டால் எழுதுகிறார்கள். அப்புறம், ஞாயிறு மதியத்துக்கு மேல் போகாதீர்கள், விவரம் தெரிந்த ஆள் இருக்கமாட்டார்.