பொறியியல் கல்லூரி பிரிட்ஜ் கோர்ஸ்: ஒரு கணக்கு டீச்சரின் மதிப்பெண்

உடுமலைப்பேட்டை பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூவுக்குக் கணக்கு எடுக்கிறேன். என் மகளும் அங்கேயே தமிழ் மீடியத்தில் படித்தாள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில், 2024இல் கோவைக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியில் ஈசிஇ (எலக்ட்ரானிக்ஸ், கம்யூனிகேஷன்) சேர்ந்தாள். கல்லூரி பெயரைப் போடப்போவதில்லை. அவள் இன்னும் அங்கேதான் படிக்கிறாள், வம்பு எதற்கு?

பள்ளிப் பாடத்துக்கும் கல்லூரிப் பாடத்துக்கும் பாலமாக, முதல் செமஸ்டருக்கு முன்னால் அவர்கள் நடத்திய மூன்று வார பிரிட்ஜ் கோர்ஸைப் பற்றித்தான் எழுதுகிறேன். ரிசல்ட் வரட்டும் என்று வேண்டுமென்றே தள்ளிப்போட்டேன். கோர்ஸ் முடிந்த கையோடு எழுதுகிறவர்கள் எல்லோரும் ஐந்து ஸ்டார்தான் போடுகிறார்கள்.

பொறியியல் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தருகிற ஏஐசிடிஇ சொல்கிற அறிமுக நிகழ்ச்சியையும் இதையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். காலையில் யோகா, பிறகு மனித விழுமியங்கள், அதற்குப் பிறகுதான் கணக்கு, இங்கிலீஷ், பைதான். பெற்றோரையும் கூப்பிட்டு ஒரு தன்னம்பிக்கைப் பேச்சாளரைப் பேசவைத்தார்கள். நிறைய கைதட்டச் சொன்னார், தட்டினோம்.

கணக்குக்கு வருகிறேன். முதல் வாரம் முழுக்க அணிக்கோவை, நேர்மாறு அணி, அணியின் தரம். இதெல்லாம் பிளஸ் டூ புத்தகத்தில் முதல் பாடம். பள்ளி திறந்ததும் ஆரம்பித்து, பொதுத்தேர்வு வரை டெஸ்ட் மேல் டெஸ்ட் வைக்கிறோம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிள்ளைகள் சொல்லுவார்கள். அவர்கள் தடுமாறுவது இரண்டாம் தொகுதியில், எட்டாவது பாடமான பகுதி வகைக்கெழுவில். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் (என் மகளுக்கு வந்த பாடத்திட்டம் அதுதான்) முதல் செமஸ்டர் ‘மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்’ தாளை எடுத்துப் பாருங்கள். மூன்றாவது யூனிட்டில் ஜேக்கோபியன், லெக்ராஞ்ச் என்று எல்லாமே அந்தப் பாடத்தின் மேல்தான் நிற்கிறது. முதல் யூனிட்டோ எடுத்த எடுப்பிலேயே ஐகன் வேல்யூ. அது பிளஸ் டூ புத்தகத்திலேயே கிடையாது. தெரிந்ததைத் திரும்ப நடத்தினால் வகுப்பு அமைதியாக இருக்கும், நடத்துகிறவருக்கும் சுகம். அதனால்தான் நடத்தினார்களோ என்னவோ.

நோட்ஸ் என்று ஒரு ஸ்பைரல் பைண்டிங் புத்தகம் கொடுத்து 600 ரூபாய் வாங்கினார்கள். இந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசாங்கம் கட்டுகிறது. இந்தச் சில்லறையை யாரும் கட்டுவதில்லை. பிரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் பிளஸ் டூ புத்தகத்து எடுத்துக்காட்டுகள், எண்ணைக்கூட மாற்றவில்லை. வருஷா வருஷம் கரும்பலகையில் போடுகிற என் கண்ணுக்கா தெரியாது?

இவ்வளவு திட்டியும் இந்தக் கோர்ஸ் வீண் என்று சொல்ல மாட்டேன். காரணம் ஒரு மத்தியான வகுப்பு. புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஓர் உதவிப் பேராசிரியர் பழைய யுனிவர்சிட்டி வினாத்தாளை எல்லோருக்கும் கொடுத்தாராம். அன்று ராத்திரி போனில் மகள் சொன்னாள்: “அம்மா, இங்க ஒரு மார்க்கே கிடையாதாம்மா.” பிளஸ் டூ கணக்கில் 90க்கு 20 மார்க் சரியான விடையைத் தேர்ந்தெடுத்தே வாங்கிவிடலாம். இங்கே கணக்குத் தாளில் இரண்டு மார்க் பத்து, பதினாறு மார்க் ஐந்து, அவ்வளவுதான். அவர் ஒரு பதினாறு மார்க் கேள்வியை முழுசாக எழுதவைத்து, ஒவ்வொருவர் தாளிலும் எந்தப் படிக்கு எத்தனை மார்க் என்று சிவப்பு மையில் குறித்துக் கொடுத்திருக்கிறார். கல்லூரியே போடுகிற இன்டர்னல் 40, பரீட்சை 60 என்பதையும், இன்டர்னலைக் கோட்டைவிட்டால் கடைசியில் எவ்வளவு இழுக்க வேண்டியிருக்கும் என்பதையும் போர்டில் போட்டுக் காட்டியிருக்கிறார். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வருகிற பிள்ளைக்கு இதை வீட்டில் யார் சொல்லித் தருவார்கள்?

இங்கிலீஷ் வகுப்பும் பரவாயில்லை. இலக்கணத்தை மூட்டைகட்டி வைத்துவிட்டு, ஆசிரியர் பேசப் பேசக் குறிப்பெடுக்கப் பழக்கினார்கள். பள்ளியில் நாங்கள் போர்டில் எழுதுவதைப் பார்த்து எழுதியே பழகிய கைகள். முதல் நாள் அரைப் பக்கம்கூட வரவில்லை என்றாள்.

பைதானில்தான் சொதப்பல். கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்பில் வந்தவர்கள் பிளஸ் டூவிலேயே பைதான் படித்தவர்கள். என் மகள் பயாலஜி குரூப். இரண்டு கூட்டத்தையும் ஒரே ஹாலில் உட்காரவைத்தால் ஒரு பக்கம் கொட்டாவி, ஒரு பக்கம் முழி. இரண்டு பேட்ச்சாகப் பிரிக்க, யார் எந்த குரூப் என்று ஒரு பட்டியல் போதும்.

முதல் செமஸ்டரில் அரியர் இல்லை, கணக்கில் பி பிளஸ். சேர்க்கைக்குப் போகிறவர்கள் கோர்ஸ் உண்டா என்று கேட்காதீர்கள், எல்லாக் கல்லூரியும் உண்டு என்றுதான் சொல்லும். மூன்று வார டைம்டேபிளை வாங்கிப் பாருங்கள். ஐகன் வேல்யூவும் பழைய வினாத்தாளும் அதில் இருந்தால் யோகாவைப் பொறுத்துக்கொள்ளலாம்.

ஐந்துக்கு மூன்று போடுகிறேன். கடைசி நாள் வைத்த தேர்வின் தாளைத் திருத்திக் கொடுத்திருந்தால் அரை கூடப் போட்டிருப்பேன். இன்றுவரை கொடுக்கவில்லை.